‘சிஸ்டருக்குக் கம்ப்யூட்டர் தெரியாது’

மருத்துவமனைகளுக்கு மென்பொருள் செய்து பிழைக்கிறவர்களிடையே ஒரு கருத்து வேதவாக்காக உலவுகிறது. மென்பொருள் சரியாகத்தான் இருக்கிறது, அதைத் தொடுகிறவர்களுக்குத்தான் தெரியவில்லை என்பதே அது. சென்னையில் பழைய மகாபலிபுரம் சாலையில் எந்த டீக்கடையில் நின்றாலும் கழுத்தில் அடையாள அட்டை தொங்க யாராவது ஒருவர் இதைச் சொல்லிக்கொண்டிருப்பார். எங்கள் ஆரணியில் நர்சிங் ஹோம் நடத்துகிற டாக்டரும் சொல்கிறார், பில் தவறாக வந்த கோபத்தில் நோயாளியின் மகனும் சொல்கிறார்: “சிஸ்டருக்குக் கம்ப்யூட்டர் தெரியாது சார், அதான்.” இந்தத் துறையில்தான் நானும் சம்பளம் வாங்குகிறேன். இந்தக் கருத்து தவறு மட்டுமல்ல, ஆபத்தானதும் கூட என்பது என் கட்சி.

எதிர்த்தரப்பின் வாதத்தைக் குறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பயிற்சிக்கு நாள் குறித்தால் பாதிப் பேர் வருவதில்லை. வந்தவர்களில் பாதிப் பேர் ஆறு மாதத்தில் வேலை மாறிவிடுகிறார்கள். ஒரே கடவுச்சொல்லை வார்டு முழுக்கப் பயன்படுத்துகிறார்கள், அதையும் ஒரு காகிதத்தில் எழுதித் திரையின் ஓரத்தில் ஒட்டிவைக்கிறார்கள். கட்டாயம் நிரப்ப வேண்டிய கட்டத்தில் ஒரு புள்ளியை வைத்துவிட்டு நகர்கிறார்கள். எச்சரிக்கை வந்தால் படிக்காமலே ‘ஓகே’ அழுத்துகிறார்கள். இத்தனைக்குப் பிறகும் மென்பொருளைக் குறை சொன்னால் எப்படி? இதில் சொல்லப்பட்டவை அத்தனையும் நடக்கின்றன. நடக்கவில்லை என்று நான் வாதிடப் போவதில்லை. அவற்றிலிருந்து எடுக்கப்படும் முடிவுதான் தலைகீழ்.

1. ‘பெரும்பாலான புகார்கள் யூசர் எரர்தான்’ என்ற கணக்கு எங்கிருந்து வந்தது? நாங்கள் எழுதிய கணக்கு அது. ஆஸ்பத்திரியிலிருந்து புகார் வந்தால் ஒரு டிக்கெட் பதிவாகும். குறித்த மணிக்குள் மூடாவிட்டால் மேலாளரின் திரையில் அது சிவப்பாக நிற்கும். மூடும்போது காரணம் கேட்டு ஒரு பட்டியல் விரியும்: கோட் பிழை, சர்வர் கோளாறு, நெட்வொர்க், யூசர் எரர். முதலாவதைத் தேர்ந்தெடுத்தால் பிழையைத் தேடி, திருத்தி, சோதித்து, அடுத்த ரிலீஸ் வரை தலையில் சுமக்க வேண்டும். கடைசியைத் தேர்ந்தெடுத்தால் ‘பயனருக்கு விளக்கப்பட்டது’ என்று ஒரு வரி எழுதினால் முடிந்தது. ராத்திரி 2 மணிக்கு எழுப்பப்பட்ட 24 வயதுப் பையன் எதைத் தேர்ந்தெடுப்பான்? மாதக் கடைசியில் யாரோ இந்தப் பட்டியலைக் கூட்டி வட்டப்படம் போட்டு, “பாருங்கள், பிரச்சினை பயிற்சியில்தான்” என்று கூட்டத்தில் காட்டுகிறார்கள். முத்திரை குத்தியவர்களே முத்திரைகளை எண்ணிக் கொண்டுவருகிறார்கள். இதற்குப் பெயர் ஆதாரமா?

2. ஆளாளுக்கு ஒரே இடத்தில் தப்பு செய்கிறார்கள் என்றால் தப்பு யாருடையது? ஆரணியில் ஒரு தனியார் மருத்துவமனை, பெயர் வேண்டாம். பதிவுத் திரையில் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம். இரண்டுக்கும் சிவப்பு நட்சத்திரம், அதாவது நிரப்பாமல் நகர முடியாது. ஒண்ணுபுரத்திலிருந்து வந்திருக்கும் கற்பகத்துக்குக் கடைசிப் பெயர் ஏது? காலை ஷிப்டில் இருக்கிற பெண் அங்கே ஒரு புள்ளி வைப்பார். மதியம் வருகிறவர் கணவர் பெயரைப் போடுவார். இரவு ஷிப்டுக்காரர் இனிஷியலைப் போடுவார். அவசரப் பிரிவில் இருப்பவர் ஊர்ப் பெயரைப் போடுவார். “டாட் வெக்கலன்னா சேவ் ஆவ மாட்டேங்குது சார், ஆளு வலியில துடிக்கிறாங்க, நான் என்ன பண்றது?” என்று புள்ளி வைக்கிற சிஸ்டர் கேட்டபோது என்னோடு வந்திருந்த பயிற்சியாளர், “கணவர் பெயரைத்தான் போட வேண்டும் என்று ஸ்லைடிலேயே இருக்கிறதே” என்றார். கல்யாணமாகாதவருக்கு என்ன போடுவது என்பது ஸ்லைடில் இல்லை.

இது பெயர்ப் பிரச்சினையோடு நிற்காது. அடுத்த முறை கற்பகம் வரும்போது தேடலில் பழைய பதிவு கிடைப்பதில்லை. கைபேசி எண்ணை வைத்துத் தேடலாம்தான். ஆனால் அந்த வீட்டில் இருப்பது ஒரே போன், அந்த எண்ணில் மாமியார், கணவர், இரண்டு பிள்ளைகள் என்று நான்கு பேர் வரிசையாக நிற்கிறார்கள். வெளியே கூட்டம். புது எண் போட்டுவிடுகிறார்கள். பென்சிலின் ஒவ்வாது என்று பழைய பதிவில் டாக்டர் எழுதிவைத்த குறிப்பு பழைய எண்ணிலேயே தங்கிவிடுகிறது. புதிய பதிவில் ஒவ்வாமைக் கட்டம் வெறுமையாக, பச்சை நிறத்தில், எந்தக் கவலையுமில்லாமல் இருக்கிறது.

சாதிப் பட்டத்தைப் பெயரிலிருந்து நீக்கச் சொல்லி செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு தீர்மானம் போட்டது 1929-ல். கிட்டத்தட்ட ஒரு நூற்றாண்டாகப் பெயருக்குப் பின்னால் எதுவும் எழுதாமல் பழகிய மக்களிடம் வந்து ‘கடைசிப் பெயர் கட்டாயம்’ என்று கேட்கிற கட்டத்தை வைத்தது யார்? வெளிநாட்டு இன்சூரன்ஸ் படிவத்துக்காக எழுதிய பட்டியலை அப்படியே இங்கே இறக்குமதி செய்தவர்கள் நாங்கள். தப்பு பண்ணியது சிஸ்டர் வைத்த புள்ளியாம்.

ஆரணி, தேவிகாபுரம், முள்ளிப்பட்டு பக்கம் பிறந்தவர்களுக்கு இந்தத் தர்க்கத்தை விளக்க வேண்டியதே இல்லை. பட்டுப்புடவையில் எங்கோ ஓரிடத்தில் ஓர் இழை தப்பினால் அது நெய்தவர் கை. ஒவ்வொரு புட்டாவிலும் அதே இலையில் அதே புள்ளி தப்பிக்கொண்டே போனால் யாரும் நெய்தவரை உட்காரவைத்துப் பாடம் நடத்துவதில்லை. மேலே ஏறி ஜக்கார்டு பெட்டியில் சுற்றுகிற அட்டைகளில் எந்த அட்டையில் ஓட்டை தவறியிருக்கிறது என்று பார்ப்பார்கள். (கூலியில் பிடிக்கிற முதலாளி அப்போதும் பிடிப்பார், அது வேறு கதை.) வெவ்வேறு ஷிப்டில் நான்கு பேர் ஒரே கட்டத்தில் தடுக்கி விழுகிறார்கள் என்றால் பார்க்க வேண்டியது அந்தக் கட்டத்தை. பஞ்ச் அட்டையின் வழிவந்த கம்ப்யூட்டரை வைத்துப் பிழைக்கிறவர்களுக்கு, அந்த அட்டையோடு வாழ்கிறவர்களின் இந்த எளிய புத்தி எப்படி விட்டுப்போனது என்று தெரியவில்லை.

3. “நல்ல பயிற்சி கொடுத்தால் சரியாகிவிடும்.” அப்படியா? இந்தத் துறையின் மிகக் கொடூரமான விபத்துகளில் ஒன்று, பயிற்சி மிகுந்த கையால் வெளிப்பட்டது. கனடா அரசு நிறுவனமான ஏஇசிஎல் செய்த தெராக்-25 என்ற கதிர்வீச்சு சிகிச்சை இயந்திரம் 1985 ஜூன் முதல் 1987 ஜனவரி வரை அமெரிக்காவிலும் கனடாவிலுமாக 6 நோயாளிகள் மேல் அளவுக்கு மீறிய கதிர்வீச்சைப் பாய்ச்சியது. குறைந்தது மூவர் அதனால் இறந்தனர். மருத்துவமனைகள் கேட்டபோதெல்லாம் இந்த இயந்திரம் அளவு மீறவே முடியாது என்று நிறுவனம் பதில் சொல்லிக்கொண்டிருந்தது.

1986-ல் டெக்சாஸ் மாநிலம் டைலர் நகரில் நடந்ததைக் கவனியுங்கள். இயந்திரத்தை இயக்கியவர் அனுபவசாலி. எலக்ட்ரான் சிகிச்சைக்கு ‘இ’ அடிப்பதற்குப் பதில் பழக்கத்தில் ‘எக்ஸ்’ அடித்துவிட்டார். உடனே கர்சரை மேலே கொண்டுபோய்த் திருத்தி, மற்ற வரிகளை என்டர் தட்டிக் கடந்து, சிகிச்சையைத் தொடங்கினார். எல்லாம் சில நொடி வேலை. இயந்திரத்துக்குள் காந்தங்கள் நிலைக்கு வர 8 நொடி ஆகும். அந்த 8 நொடிக்குள் திருத்தினால் திரையில் திருத்தம் தெரியும், இயந்திரத்துக்கு அது எட்டாது. நோயாளி மேல் அளவு மீறிய கதிர்வீச்சு பாய்ந்தது, திரையில் வந்தது ‘மால்ஃபங்ஷன் 54’ என்ற எண் மட்டும். அதற்கு என்ன அர்த்தம் என்று இயக்குபவருக்கான கையேட்டில் விளக்கமில்லை. அடுத்த மாதமே இன்னொரு நோயாளிக்கும் அதே கதி. பிறகு அந்த மருத்துவமனையின் இயற்பியலாளரும் இயந்திரத்தை இயக்கியவரும் உட்கார்ந்து திரும்பத் திரும்ப அடித்துப் பார்த்து, வேகமாகத் திருத்தினால் பிழை வருகிறது என்று கண்டுபிடித்துக் காட்டினார்கள். மெதுவாகத் தடவித் தடவி அடிக்கிற புது ஆளிடம் அந்தப் பிழை ஒளிந்தே இருந்திருக்கும்.

இன்னொரு செய்தியும் உண்டு. முந்தைய மாடலான தெராக்-20-லும் அதே பிழை இருந்தது பின்னால் தெரியவந்தது. அங்கே யாரும் சாகவில்லை. அதில் மின் இணைப்பைத் துண்டிக்கிற தனித் தடுப்புகள் இருந்தன. மென்பொருள் பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கையில் புது மாடலில் அவற்றை எடுத்துவிட்டார்கள். இரண்டு மாடலிலும் மனிதர்கள் ஒரே மாதிரிதான் தவறினார்கள். ஒன்று தாங்கியது, ஒன்று கொன்றது. இதில் பயிற்சி எங்கே வருகிறது?

4. எச்சரிக்கை கொடுத்தோமே, படிக்காதது யார் குற்றம்? எங்கள் அலுவலகங்களில் இதுதான் பிரம்மாஸ்திரம். மருந்துப் பாதுகாப்பு எச்சரிக்கைகளைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2006-ல் வந்த ஒரு கட்டுரை, அவற்றில் 49 முதல் 96 சதவீதம் வரை டாக்டர்கள் தாண்டிப் போகிறார்கள் என்றது. உலகம் முழுக்க டாக்டர்கள் சோம்பேறிகள் என்று இதற்கு அர்த்தமில்லை. எச்சரிக்கை போட எங்களுக்குச் செலவே இல்லை, அதனால் போட்டுக்கொண்டே இருக்கிறோம். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் அபாயச் சங்கு ஊதினால் நிஜமான அபாயத்தின் சங்கு எப்படிக் காதில் விழும்?

2013-ல் சான்பிரான்சிஸ்கோவில், கலிபோர்னியா பல்கலைக்கழக மருத்துவமனையில், 16 வயதுப் பையனுக்கு 160 மில்லிகிராம் ஆன்டிபயாடிக், அதாவது ஒரே ஒரு மாத்திரை, தர வேண்டியிருந்தது. டாக்டர் கட்டத்தில் 160 என்று அடித்தார். அந்தக் கட்டம் மில்லிகிராமில் இல்லை, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம் என்ற அளவில் நின்றிருந்தது. 38 கிலோ சொச்சம் எடையுள்ள பையனுக்குக் கணக்கு 38½ மாத்திரைக்குப் போனது. டாக்டருக்கு எச்சரிக்கை வந்தது, பத்தோடு பதினொன்றாகக் கடந்து போனது. மருந்தாளருக்கும் வந்தது, கடந்து போனது. ரோபோ எந்தக் கேள்வியும் கேட்காமல் மாத்திரைகளைப் பொட்டலம் கட்டியது. சந்தேகப்பட்ட நர்ஸ் பார்கோடை ஸ்கேன் செய்து பார்த்தார். திரை ‘சரி’ என்றது. பையனுக்கு வலிப்பு வந்தது, பிழைத்துக்கொண்டான். இந்தச் சங்கிலியில் கம்ப்யூட்டர் தெரியாதவர் ஒருவர்கூட இல்லை. எல்லோரும் கம்ப்யூட்டரை நம்பினார்கள், அதைத்தானே நாம் பயிற்சியில் சொல்லித் தருகிறோம்.

5. வார்டில் இருக்கிற அந்த நோட்டைப் பழமைவாதம் என்கிறார்கள். எந்த ஊர் ஆஸ்பத்திரிக்குப் போனாலும், லட்சக்கணக்கில் செலவழித்து மென்பொருள் போட்ட பிறகும், நர்ஸ் மேசையில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட நீள நோட்டு ஒன்று இருக்கும். அதைப் பார்த்ததும் எங்கள் ஆட்களுக்கு முகம் சுளிக்கும். நான் ஒரு நோட்டைப் புரட்டினேன். கட்டில் எண், பெயர், வீட்டுக்காரர் அல்லது அப்பா பெயர், ஊர், கூட இருப்பவர் யார், அவர் ராத்திரி இருப்பாரா, சாப்பிட்டாச்சா, சர்க்கரை எவ்வளவு. ‘செல்வி, தேவிகாபுரம்’ ஒருத்தி, ‘செல்வி, அத்திமலைப்பட்டு’ இன்னொருத்தி. வார்டில் ஆளைப் பிரித்தறிவது ஊரை வைத்துத்தான். எங்கள் திரையிலோ ஊர்ப் பெயர் முகவரித் தாவலுக்குள் மூன்று கிளிக் தள்ளிப் புதைந்திருக்கிறது. இன்சுலின் போடுவதற்கு முன் சாப்பிட்டாரா என்று கேட்கிற கட்டம் எங்களிடம் இல்லவே இல்லை. என்ன செய்ய வேண்டும் என்று கன்சல்டன்ட் எழுதித் தந்த 200 பக்க ஆவணத்தைவிட, அந்த 40 ரூபாய் நோட்டில் விவரம் கூடுதல்.

இது எப்படி விட்டுப்போனது? மென்பொருளை வாங்குகிறவர் வேறு, பயன்படுத்துகிறவர் வேறு. பேச்சுவார்த்தைக்கு வருகிறவர் நிர்வாகி. அவருக்கு வேண்டியது பில், ஸ்டாக், மாத அறிக்கை. ஊசி போடுகிறவர் அந்தக் கூட்டத்தில் இருப்பதில்லை. அரசுத் தரப்பிலும் கதை இதுதான்: கர்ப்பிணிகளின் விவரங்களைப் பதிகிற ‘பிக்மி’ இணையதள வேலையின் சுமையைப் பற்றிக் கிராம சுகாதாரச் செவிலியர்கள் குரல் எழுப்பியதுண்டு. பதிவேட்டிலும் எழுதி, திரையிலும் ஏற்றி, நடுவில் எப்போது ஊசி போடுவது என்பதே அவர்கள் கேள்வி.

நோட்டை இளக்காரமாகப் பார்ப்பவர்களுக்கு ஒரு தேதியை நினைவூட்டலாம். 2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸ் சர்வர்கள் சைபர் தாக்குதலில் முடங்கின. நாட்டின் தலையாய மருத்துவமனை ஏறக்குறைய இரண்டு வாரம் கையால் எழுதித்தான் ஓடியது.

6. எதிர்த்தரப்பின் வலுவான வாதத்துக்கு வருகிறேன். “அதே மென்பொருள் இன்னோர் ஆஸ்பத்திரியில் நன்றாக ஓடுகிறதே? அப்போது குறை ஆட்களிடம்தானே?” கேட்க நியாயமாக இருக்கும். இதற்குச் சோதனை போட்டது மாதிரியே ஒரு நிகழ்வு இருக்கிறது. பிட்ஸ்பர்க் குழந்தைகள் மருத்துவமனையில் மருந்தைக் கம்ப்யூட்டரில் எழுதும் முறை வந்த பிறகு, வேறு இடங்களிலிருந்து மாற்றி அனுப்பப்பட்ட குழந்தைகளின் இறப்பு விகிதம் 2.80-லிருந்து 6.57 சதவீதமாக ஏறியது என்று 2005-ல் ஆய்வு வந்தது. சியாட்டில் குழந்தைகள் மருத்துவமனை அதே மென்பொருளைப் போட்டது, அங்கே இறப்பு ஏறவில்லை. பார்த்தீர்களா, ஆட்கள்தான் என்று சொல்வதற்கு முன் வேறுபாட்டைப் பாருங்கள். பிட்ஸ்பர்க்கில் குழந்தை வந்து சேர்ந்து பதிவான பிறகுதான் மருந்து எழுத முடியும். ஆம்புலன்ஸ் வருவதற்குள் மருந்தை எடுத்து வைக்கிற பழைய வழக்கத்தைத் திரை அடைத்துவிட்டது. சியாட்டிலில் தீவிர சிகிச்சைக்கான மருந்துத் தொகுப்புகளை முன்கூட்டியே திரைக்குள் ஏற்றிவைத்திருந்தார்கள். மாறுபட்டது அமைப்பு, அதை அமைக்க மெனக்கெட்ட விதம். சியாட்டில் நர்ஸுகள் பிட்ஸ்பர்க் நர்ஸுகளைவிடக் கெட்டிக்காரர்கள் என்று அந்த ஆய்வுகள் எதுவும் சொல்லவில்லை.

7. பழி எங்கே போய் இறங்குகிறது? கேட்க வேண்டிய கேள்வி இது. 2017 டிசம்பரில் அமெரிக்காவின் நாஷ்வில் நகரில், வாண்டர்பில்ட் மருத்துவமனை நர்ஸ் ஒருவர் வெர்செட் என்ற மயக்கமூட்டும் மருந்தைத் தேடி, மருந்து அலமாரியின் கம்ப்யூட்டரில் ‘விஇ’ என்று இரண்டு எழுத்து அடித்தார். கிடைக்காததால் ஓவர்ரைடு செய்து மீண்டும் அடித்தார். அலமாரி எடுத்துக் கொடுத்தது வெக்குரோனியம் என்ற, தசைகளை முடக்கும் மருந்தை. நோயாளி இறந்தார். புட்டியின் மூடியிலிருந்த எச்சரிக்கை உட்பட அந்த நர்ஸ் கவனிக்காமல் விட்டவை பல. அதை மூடி மறைக்கத் தேவையில்லை. 2022 மார்ச்சில் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்றது, மே மாதம் 3 ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்புத் தண்டனை தந்தது. இரண்டு எழுத்துக்கே கொல்லும் மருந்தைத் திறந்துவிடும் தேடலை வடிவமைத்தவர்கள் யாரும் கூண்டில் ஏறவில்லை. ஆனால் அந்த மரணத்துக்குப் பிறகு அமெரிக்க மருந்துப் பாதுகாப்பு அமைப்பு என்ன பரிந்துரைத்தது? நர்ஸுகளுக்குக் கூடுதல் பயிற்சி என்பதோடு நிற்கவில்லை. தேடலுக்குக் குறைந்தது 5 எழுத்து கேட்கும்படி அலமாரியை மாற்றச் சொன்னது. கோளாறு எங்கே என்று எல்லோருக்கும் தெரிந்தே இருந்தது, தண்டனை மட்டும் ஒருவருக்குப் போனது.

இந்தியாவிலும் நோயறியவும் நோயாளியைக் கண்காணிக்கவும் உதவும் மென்பொருள் 2020 ஏப்ரல் 1 முதல் மருத்துவக் கருவி என்ற வரையறைக்குள் வந்துவிட்டது. சட்டம் எங்களை மருந்துக் கம்பெனிகளின் வரிசையில் உட்காரவைக்கத் தொடங்கிவிட்டது. நாங்கள் இன்னும் சாப்பாட்டு ஆர்டர் எடுக்கிற செயலி செய்கிறவர்களைப் போலவே ‘யூசர் எரர்’ எழுதிக்கொண்டிருக்கிறோம். அதன் பலன் உடனே தெரிகிறது: புகார் சொன்னால் தன் மேலேயே திரும்பும் என்று கண்ட சிஸ்டர் அடுத்த முறை புகார் சொல்வதில்லை. புள்ளி வைத்துவிட்டு, நோட்டில் எழுதிக்கொண்டு, வேலையைப் பார்க்கிறார். எங்கள் வரைபடத்தில் புகார் குறைகிறது. நிர்வாகம் கேக் வெட்டுகிறது.

“அப்படியென்றால் மனிதர் செய்யும் எல்லாத் தவற்றையும் மென்பொருளே தாங்க வேண்டுமா?” என்று கடைசியாக ஒரு கேள்வி வரும். வேண்டாம். அது முடியவும் முடியாது. யூசர் எரர் என்று மூடுவதற்கு முன், திரை அதை ஏன் அனுமதித்தது என்று ஒரு வரி எழுதட்டும். எழுதத் தெரியாவிட்டால் அந்த வார்டில் ஓர் இரவு ஷிப்ட் உட்கார்ந்துவிட்டு வந்து எழுதட்டும். சென்னையிலிருந்து ஆரணிக்கு பஸ் இருக்கிறது, நட்சத்திர ஓட்டலில் ஒருநாள் பயிற்சி முகாம் நடத்துகிற செலவில் ஒரு டீமையே அனுப்பலாம். அதையும் கணக்கில் ‘பயிற்சி’ என்ற தலைப்பிலேயே எழுதிக்கொள்ளட்டும், ஆட்சேபணை இல்லை.